ஆவுளியாவா, ஆமைக்குஞ்சா? ஒரு நாலு நிமிடப் படத்துக்கான சண்டை

மண்டபத்தில் மூன்று பேர் சேர்ந்து நாலு நிமிட அனிமேஷன் படம் ஒன்றுக்குக் கதை பண்ணிக்கொண்டிருக்கிறோம். வசனம் கிடையாது, ராமநாதபுரம் கடலை ஒரு காட்டுயிரின் கண்ணால் காட்ட வேண்டும், அவ்வளவு முடிவாகிவிட்டது. எந்த உயிர் என்பதில்தான் சண்டை.

பூநாரையை முதல் நாளே விட்டோம். அது தலையைக் கவிழ்த்து மேய்வதால் தனுஷ்கோடியே தலைகீழாகத் தெரியும். வேடிக்கைதான், ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் தாங்காது.

பங்குனி ஆமை என்கிற கடலாமையின் குஞ்சு என்றால் கதை தானாக ஓடும். ராத்திரியில் மணலைக் கிளறி மேலே வரும், வெளிச்சம் கூடுதலாகத் தெரியும் பக்கம் போகும். கேமராவை மணலுக்கு இரண்டு விரல்கடை மேலே வைத்தால் நண்டு வீடளவு நிற்கும். விளக்கு வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ரோட்டுப் பக்கம் திரும்பும் குஞ்சைவிட நல்ல காட்சி யாருக்குக் கிடைக்கும்?

சிக்கல் வேறு. தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறது. அங்கே பொரியும் குஞ்சு முதலில் பார்ப்பது வேலியையும் மனிதக் கையையும்தான். அதை மறைத்துவிட்டு நண்டு துரத்துகிற படம் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. காட்டினாலோ அது வேறு படம். (அதையும் ஒருநாள் எடுப்பேன்.)

ஆவுளியாவுக்கு, அதாவது கடல்பசுவுக்கு, கதையே இல்லை. கடல்புல் மேயும், மூச்சு வாங்க மேலே வரும், மறுபடி மேயும். அதற்குப் பார்வையும் மந்தம். கண்ணால் காட்டும் படத்துக்குக் கண் தெரியாத நாயகியா என்று நண்பர் சிரித்தார். எனக்கு அங்கேதான் பிடித்துப்போனது. அதன் மேலுதட்டில் இருக்கும் முள்மயிர்தான் புல்லைத் தேடித் தருகிறது. அப்படியானால் திரை முழுக்கக் கலங்கல் பச்சை, உதடு பட்ட இடத்தில் மட்டும் கோடு முளைக்கட்டும். காது கூர்மை, அதனால் வள்ளத்தின் இன்ஜின் சத்தம் முதலில் கேட்க வேண்டும், அப்புறம்தான் நிழல். அவ்வளவு பெரிய உடம்பு குருவி மாதிரி கீச்சிடும் என்பதும் பலருக்குப் புதுசு.

நீளமும் அதுவே தருகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேலே வந்தாக வேண்டும். படம் முழுக்க ஒரே முக்குளிப்பு. வலையில் மாட்டும் ஆவுளியா சாவது காயத்தால் அல்ல, மூச்சு முட்டித்தான். பார்க்கிறவரும் கூடவே மூச்சைப் பிடிக்கட்டும்.

அடுத்தது, எதில் வரைவது? விநாடிக்கு 12 படம் என்றாலும் நாலு நிமிடத்துக்கு 2,880. பிளெண்டர் என்கிற அனிமேஷன் மென்பொருள் இலவசம், தப்பைத் திருத்தலாம். அடியில் விளக்கு வைத்த கண்ணாடியில் மணல் பரப்பி விரலால் வரைந்தால், முந்தைய படத்தை அழித்துத்தான் அடுத்தது, திரும்பிப் போக வழியில்லை. ஆமைக்கு மணல், ஆவுளியாவுக்குக் கணினி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் மாற்றிச் சொல்கிறேன். ஆவுளியா மேய்ந்த இடத்தில் புல் வேரோடு போய்க் கடலடியில் நீளமாக ஒரு தடம் கிடக்கும். கண்ணாடி மணலில் விரலை இழுத்தால் விழுவதும் அதே தடம்தான்.

நண்பர் இன்னும் ஆமைக் கட்சிதான். கண்ணாடி மட்டும் வாங்கியாச்சு.