சிங்களக் கடிதமும் கைத்தொலைபேசிக் கேமராவும்

இலங்கையின் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்று நாங்கள் சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்கிறோம். எங்கள் லயத்துக்கு வரும் அரச கடிதங்களில் பல இன்னமும் சிங்களத்தில் மட்டுமே இருக்கின்றன. அப்படியொரு கடிதம் வந்தால் அதை யாரிடம் கொண்டுபோய் வாசிக்கக் கேட்பது என்று அம்மா தயங்கி நிற்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தேன். வாசித்துச் சொல்பவருக்கு வீட்டுக் கடனும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும் தெரிந்துவிடும் என்பதே அவருடைய தயக்கத்துக்குக் காரணம். எனவே, கேமராவை எழுத்தின் மேல் பிடித்தால் அதைத் தமிழில் காட்டும் இலவச மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றை அவருடைய கைத்தொலைபேசியில் ஏற்றி, ஆறு மாதங்களாக வீட்டுக்கு வந்த ஒவ்வொரு தாளிலும் பரீட்சித்துப் பார்த்தேன்.

அச்சிட்ட கடிதங்களில் அதன் பயன் பெரிது. முதலில் எழுத்துகளின் வடிவத்தை அடையாளம் கண்டு, பின்னர் அந்த வாக்கியத்தை மொழிபெயர்ப்பதுதான் அதன் வேலைமுறை. 2017இல் அறிமுகமான டிரான்ஸ்ஃபோர்மர் என்ற கட்டமைப்பு, ஒரு சொல்லை வாக்கியத்தின் மற்றச் சொற்கள் அனைத்தோடும் சேர்த்துப் பொருள் காண்பதால், பழைய மொழிபெயர்ப்புகளைப் போலச் சொல்லுக்குச் சொல் அடுக்கிவைக்கும் குறை பெருமளவு நீங்கியிருக்கிறது. எந்த அலுவலகம் அனுப்பியது, எந்தத் திகதிக்குள் போக வேண்டும், என்னென்ன ஆவணம் கொண்டுபோக வேண்டும் என்பதை ஒரு நிமிடத்தில் அம்மா தானே அறிந்துகொள்கிறார். முதன்முறை அப்படி அறிந்துகொண்ட நாளில் அவர் அந்தக் கடிதத்தை மடித்துத் தன் பெட்டியிலேயே வைத்துப் பூட்டினார். அதைக் கண்ட எனக்கு, இந்தச் செயலியின் பெறுமதி இன்னதென்று வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குறைகளில் என்னை மிகவும் வருத்தியது உறவுப் பெயர்களைப் பற்றியது. என் தம்பிகள் இருவரும் கொழும்பில் ஒரே கடையில் வேலை செய்கிறார்கள். மல்லிக்கு, அதாவது இளையவருக்கு, காய்ச்சல், அய்யா, அதாவது மூத்தவர், அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார் என்ற பொருளில் கடை முதலாளி சிங்களத்தில் செய்தி அனுப்பியபோது, செயலி அதை, "சகோதரருக்குக் காய்ச்சல், சகோதரர் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றுள்ளார்" என்று காட்டியது. "பெரியவனுக்கா, சின்னவனுக்கா?" என்று கேட்டுக் கேட்டு, தொலைபேசியில் பேசி முடிக்கும்வரை அம்மா நிலைகொள்ளவில்லை. சிங்களத்தின் அய்யாவும் மல்லியும் நம் அண்ணனும் தம்பியும்தான். இரண்டு மொழிகளிலும் இருக்கும் இந்த வேறுபாடு, நடுவில் ஆங்கிலம் புகுந்ததனால் அழிந்துபோகிறது. இத்தகைய செயலிகள் பலவும், நேரடியாக ஒப்பிடக்கூடிய சிங்கள–தமிழ் வாக்கியங்கள் போதிய அளவு கிடைக்காமையால், ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொண்டே இயங்கி வந்திருக்கின்றன. இரு மொழிகளிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவதையும் எண்ணிப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்குப் போகக் கடல் தாண்டிச் சுற்றி வருவதாகவே இது எனக்குத் தோன்றுகிறது. மாற்று வழி இல்லாமலில்லை: அரச ஆவணங்களுக்கென்றே சிங்கள–தமிழ் மொழிபெயர்ப்பு முறைமை ஒன்றை மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள், மெட்டா நிறுவனம் 2022இல் வெளியிட்ட 200 மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாதிரியிலும் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே நேரடியாகப் பெயர்க்கும் வசதி உண்டு.

எங்கள் செயலி தரும் தமிழும் நம் நாட்டுத் தமிழன்று. திணைக்களம் என்று வரவேண்டிய இடத்தில் 'துறை' என்று வருகிறது. பதுளையைப் 'பதுல்லா' என்றும் கம்பளையைக் 'கம்போலா' என்றும் எழுதுகிறது. பேச்சை மொழிபெயர்க்கும் பகுதியில் நிலைமை இன்னும் மோசம். கொழுந்தின் நிறை குறைந்ததால் தனக்கு அரைப்பேர் போட்டதாக அம்மா சொன்னபோது, அரைநாள் சம்பளத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லை 'பாதிப் பெயர்' என்ற பொருளில் அது சிங்களமாக்கியது. தலைமுறைகளாகத் தோட்டத்தில் புழங்கும் சொற்களை இந்தக் கருவிகளுக்குக் கற்றுக்கொடுக்க யாராவது முன்வர வேண்டுமென்று மனதார விரும்புகிறேன்.

கிளினிக் கொப்பியில் கையால் எழுதிய சிங்களத்தை அதனால் வாசிக்க முடியவில்லை. சிக்னல் கிடைக்காத எங்கள் மேட்டு லயத்தில் அது இயங்குவதுமில்லை. படத்தை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் வரை இறங்கி வர வேண்டியிருக்கிறது. இணையத்தின் வழியாக இயங்குவதால் கடிதத்திலுள்ள விபரங்கள் வெளிக் கணினிகளுக்குச் செல்கின்றன என்பதை நினைத்து, அடையாள அட்டை இலக்கத்தை ஒரு துண்டுக் கடதாசியால் மறைத்துவிட்டுப் படம் எடுக்கும்படி அம்மாவுக்குப் பழக்கியிருக்கிறேன்.

ஒருமுறை, பிறப்புச் சான்றிதழ் இல்லாதவிடத்துச் சத்தியக் கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) கொண்டுவரும்படி கேட்ட கடிதத்தை, இரண்டையும் கொண்டுவரும்படி கேட்டதாக அது காட்டியது. 'இல்லாதவிடத்து' என்ற ஒரு சொல் விடுபட்டதனால், சான்றிதழைக் கையில் வைத்திருந்த நாங்கள் தேவையில்லாத சத்தியக் கடதாசிக்காக ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் கட்டணத்தையும் இழந்தோம். இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அரச அலுவலகங்களிடமிருந்து தமிழில் பதில் பெறும் உரிமையும் அரசியலமைப்பில் இருக்கிறது. ஆதலால் செயலியில் பொருளைத் தெரிந்துகொண்ட பிறகும், தமிழ்ப் பிரதி தரும்படி அம்மா கருமபீடத்தில் கேட்கிறார், சில வேளைகளில் கிடைக்கிறது. ஒப்பமிட வேண்டிய தாளை மட்டும், சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் முழுவதையும் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்திடாமல் வைத்திருக்கிறோம்.