சிங்கப்பூரில் வீட்டு வேலைக்கு ஆள்: புதியவரா, வீடு மாறுபவரா, மணிக்கணக்கா?

சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் நம் குடும்பங்களில், கணவன் மனைவி இருவரும் அலுவலகம் போக ஆரம்பித்ததும் வீட்டுக்கு யாரை வைப்பது என்ற பேச்சு வந்துவிடும். மூன்று வழி உண்டு. ஏஜென்சி மூலம் வெளிநாட்டிலிருந்து பணிப்பெண்ணை வரவழைக்கலாம். ஏற்கெனவே இங்கே வேலை செய்து, வீடு மாற விரும்பும் டிரான்ஸ்ஃபர் பணிப்பெண்ணை எடுக்கலாம். இல்லையென்றால், தேவைப்படும்போது மட்டும் மணிக்கணக்கில் ஆள் அழைக்கலாம்.

ஊரில் தெரிந்தவரையே கூட்டி வந்தால் என்ன என்று தோன்றும். கூட்டி வரலாம், ஆனால் அவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. 23 வயது நிரம்பி, 50 ஆகாதவராக இருக்க வேண்டும். எட்டு வருஷப் பள்ளிப் படிப்பும் தேவை. ஊரில் நம் வீட்டைத் தாங்கிய அக்காக்கள் பலருக்கு இந்தப் படிப்பு விதியே கதவைச் சாத்திவிடுகிறது.

அப்புறம் செலவு. சம்பளம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொண்டாலும், பணிப்பெண் வைப்பதற்கு அரசாங்கத்துக்கு மாதம் 300 வெள்ளி தீர்வை (வரி) தனி. 60 வெள்ளி சலுகைத் தீர்வை எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டு அலுவலர்களுக்கான வேலை அனுமதி) வந்த குடும்பங்களுக்குக் கிடையாது. 5,000 வெள்ளி பிணைத்தொகைக்கான உத்தரவாதம், காப்பீடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் மாதம் ஆயிரத்தைத் தாண்டிவிடும். மணிக்கணக்கில் ஆள் வந்தால் இவை எதுவும் நம் தலையில் இல்லை. மணிக்கு 25 வெள்ளி, வாரம் நான்கு மணி நேரம் என்றால் மாதம் 400 வெள்ளிதான்.

அதனால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதென்றால் நான் யோசிக்காமல் மணிக்கணக்கைத்தான் சொல்வேன். தரை துடைப்பது, குளியலறை கழுவுவது, துணி இஸ்திரி போடுவது எல்லாம் நடந்துவிடும். சமையல் நம் பொறுப்பு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பக்கத்து வீட்டுப் பணிப்பெண்ணை இரண்டு மணி நேரம் அனுப்பச் சொல்லிக் காசு கொடுப்பது சட்ட விரோதம். அபராதமே 5,000 வெள்ளியில் ஆரம்பிக்கும், அந்தப் பெண்ணின் பிழைப்பும் போய்விடும். மணிக்கணக்கு வேலைக்கு ஆள் அனுப்ப, அரசாங்கத்தின் வீட்டுச் சேவைத் திட்டத்தில் அனுமதி பெற்ற நிறுவனம் வழியாகவே ஆள் எடுங்கள்.

கைக்குழந்தை இருந்தால் மணிக்கணக்கு போதாது. அங்கே புதியவரா, டிரான்ஸ்ஃபரா என்பதுதான் உண்மையான கேள்வி. புதியவர் நாம் சொல்லிக் கொடுப்பதை அப்படியே பழகிக்கொள்வார் என்று ஏஜென்சியில் சொல்வார்கள். அவர் சுமந்து வரும் கடனைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார்கள். இங்குள்ள ஏஜென்சி அவரிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம். ஆனால் சொந்த ஊரில் ஆன செலவும் சேர்ந்து, முதல் சில மாதச் சம்பளம் பெரும்பாலும் பிடித்தத்திலேயே கரைந்துவிடும். வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாத தவிப்பு, புது ஊர், புது அடுப்பு, கையில் அழும் குழந்தை. அந்த மாதங்களில் அவரிடம் முழு வேகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

டிரான்ஸ்ஃபர் பெண்ணுக்கு அந்தக் கடன் பெரும்பாலும் அடைந்திருக்கும். சம்பளம் கொஞ்சம் கூடக் கேட்பார், கொடுக்கலாம். நேரில் உட்கார்ந்து பேச முடிவதுதான் பெரிய லாபம். வீடு மாறியவர் என்றாலே ஏதோ குறை என்று நினைப்பவர்கள் உண்டு. முதலாளி ஊர் திரும்பினாலும், குழந்தை வளர்ந்துவிட்டாலும் வீடு மாறத்தான் வேண்டும். போன வீட்டில் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மணிக்குப் படுத்தார், போன் அவர் கையிலேயே இருந்ததா என்று கேளுங்கள். பதிலில் அந்த வீடும் தெரியும், அவரும் தெரிவார். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, நாய் பற்றியெல்லாம் இரண்டு பக்கமும் அப்போதே பேசிவிடுவது நல்லது.

யாரை எடுத்தாலும் அவர் எங்கே படுப்பார் என்பதை முதலில் பாருங்கள். பல வீடுகளில் ஜன்னல் இல்லாத பாம் ஷெல்ட்டரை (குண்டுவீச்சிலிருந்து காக்கக் கட்டிய சிறு கான்கிரீட் அறை) காட்டி அறை என்கிறார்கள். அதில் காற்றுக்கு வழி செய்யாமல் ஆளை வைக்காதீர்கள். வாரம் ஒரு நாள் விடுப்பு அவர் உரிமை. அவர் சம்மதித்தால் காசாக ஈடு செய்யலாம். ஆனால் 2023 ஜனவரி முதல், மாதம் ஒரு நாளாவது கட்டாயம் விட்டே ஆக வேண்டும். அந்த நாளில் குழந்தையை யார் பார்ப்பது என்று கணவனும் மனைவியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.