மேட்டு வீடும் முழு சார்ஜும்: பேட்டரி லோடு ஆட்டோவில் 26 மாதம்

போன சனிக்கிழமை சர்வீஸுக்கு விட்டபோது பின்சக்கர பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், "அண்ணே, ஷூ பாதிக்கு மேல இருக்கு, மாத்தவே வேண்டாம்" என்றார். 27,000 கிலோமீட்டர், அத்தனையும் குன்னூர் ரோடு. பழைய டீசல் ஆட்டோவாக இருந்தால் இதற்குள் இரண்டு செட் போயிருக்கும். அன்று ராத்திரியே கோத்தகிரியிலிருந்து மச்சினன் போன். "மாமா, நானும் பேட்டரி வண்டி எடுக்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நான் ஏற்றுவது வர்க்கி, எங்கள் நீலகிரி பேக்கரிப் பலகாரம். அடுப்பிலிருந்து வந்த வர்க்கி அடுக்கடுக்காக, தொட்டால் உதிரும். டீசல் வண்டியில் கிளட்ச் விடும்போது ஒரு உலுக்கு, கியர் மாற்றும்போது ஒரு உலுக்கு. கடைசிக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் தட்டின் அடியில் ஒரு கைப்பிடித் தூள் சேர்ந்திருக்கும். உடைந்ததைக் கடைக்காரர் எடுக்க மாட்டார். இந்த வண்டி வந்த முதல் வாரமே அந்தத் தூள் காணாமல் போனது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மைலேஜ் கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன்.

காரணம் சீட்டுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோலர். கைப்பிடியை முறுக்கும்போது பேட்டரி மின்சாரம் அப்படியே மோட்டாருக்குப் போவதில்லை. கைப்பிடிக்குள் ஒரு சின்னக் காந்தமும், அது நகர்வதை உணரும் ஹால் சென்சாரும் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது ஒரு வோல்ட் அளவில் இருக்கும் சிக்னல், முழுக்க முறுக்கினால் நாலு வோல்ட் பக்கம் போகும். அதைப் பார்த்து கன்ட்ரோலர், மின்சாரத்தை விட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் சுவிட்சுகளான தன் மாஸ்ஃபெட்டுகளை நொடிக்குப் பல ஆயிரம் தடவை திறந்து மூடுகிறது. திறந்திருக்கும் நேரம் கூடினால் வேகம் கூடும், அவ்வளவுதான். அந்தக் காலத்து பேட்டரி வண்டிகளில் ரெசிஸ்டர் சுருளைப் படிப்படியாக மாற்றி வேகம் கூட்டுவார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு உதறல், மிச்ச மின்சாரமெல்லாம் சூடாகப் போய்விடும். இதில் படியே இல்லை.

இறக்கத்தில் கைப்பிடி முறுக்கை விட்டால் வேலை தலைகீழாக நடக்கிறது. சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டர் ஆகிறது. மெதுவாகப் போகும்போது அதில் பிறக்கும் வோல்ட் பேட்டரியைவிடக் குறைவுதான். கன்ட்ரோலர் அதே மாஸ்ஃபெட்டுகளால் மோட்டார் சுருளை ஒரு கணம் ஷார்ட் செய்து விடுவிக்கிறது. அந்த உதைப்பில் வோல்ட் எகிறி பேட்டரிக்குள் போகிறது. நமக்குத் தெரிவது, யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது போன்ற ஒரு நிதானம். நடக்கிற வேகத்துக்கு வந்ததும் அந்தப் பிடி விட்டுவிடும். நிற்க வேண்டுமானால் கால் பிரேக்தான்.

இதனால் பேட்டரி நிறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லோடோடு 900 கிலோ, 100 மீட்டர் உயரம் இறங்கினால் மொத்தமே கால் யூனிட்தான் கணக்கு வருகிறது. அதில் பாதி திரும்பி வந்தாலே பெரிது. லாபம் ஷூவிலும் வர்க்கியிலும்தான்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். என் வீடும் பேக்கரியும் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு மேலே. ராத்திரி முழுக்க சார்ஜ், காலையில் முழு லோடோடு பெட்போர்டு வழியாக பஸ் நிலையம் நோக்கி இறக்கம். பேட்டரியில் 16 செல், ஒவ்வொன்றும் 3.65 வோல்ட்டைத் தொட்டுவிட்டால் மேலே ஏற்ற இடமில்லை. பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் கதவை மூடிவிடும், கன்ட்ரோலரும் இழுப்பை நிறுத்திவிடும். கதவை மூடாவிட்டால் செல் கெடும், மூடிய பிறகும் இழுப்பை நிறுத்தாவிட்டால் மாஸ்ஃபெட் வெடிக்கலாம். அது எனக்குப் புரிகிறது. ஆனால் மலையில் வண்டி ஓட்டிப் பழகியவனுக்கு முதல் பாடமே, எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்பதுதான். இது நியூட்ரலில் இறங்குவதற்குச் சமம்! வாங்கிய மூன்றாம் நாள் முதல் வளைவில் முறுக்கை விட்டேன், வண்டி இழுத்துப் பிடிக்கவில்லை. மிதித்து மிதித்துத்தான் நிறுத்தினேன். கால் நடுக்கம் அடங்க ஒரு டீ தேவைப்பட்டது.

கம்பெனியில் கேட்டால் "அப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார்கள். இருக்கட்டும். பிடிப்பு இல்லை என்று காட்ட டேஷ்போர்டில் ஒரு விளக்கு வைக்கக் கூடாதா? ஒரு பஸ்ஸர்? சில ரயில் என்ஜின்களில் இப்படி மிஞ்சுகிற மின்சாரத்தை ரெசிஸ்டரில் விட்டு எரித்துவிடுகிறார்கள். அவ்வளவு கேட்கவில்லை. சார்ஜரை 90 சதவீதத்தில் நிறுத்த ஒரு பொத்தான் போதும். அது இல்லாததால் கடையில் டைமர் பிளக் வாங்கி மாட்டி, விடிகாலை மூன்று மணிக்கே அணைய வைத்திருக்கிறேன். அதிலும் ஒரு சிக்கல். இந்த வகை லித்தியம் பேட்டரியை அவ்வப்போது முழுக்க ஏற்றினால்தான் செல்கள் சமமாகும், மீட்டரும் சரியான சதவீதம் காட்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஆகவே திங்கட்கிழமை காலை மட்டும் பாதி லோடு, ஊர்கிற வேகம், கால் முழு நேரமும் பெடல் மேல். இரண்டு நடை போக வேண்டியிருக்கிறது.

கன்ட்ரோலர் இதுவரை ஒரு தடவை போனது. மேட்டில் டிராஃபிக்கில் பிரேக் பிடிக்காமல் கைப்பிடியை முறுக்கியே நிறுத்தி வைத்த என் பழக்கம் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். சுற்றாத மோட்டாருக்குள் போகிற மின்சாரம் எல்லாம் சூடுதான். அதற்காக வண்டியைக் குறை சொல்லவில்லை.

இன்று காலை இறங்கி முடித்து, பஸ் நிலையத்தருகே வண்டியை ஓரம் கட்டி, மச்சினனுக்குப் போன் செய்தேன். என் வண்டியை நான் விற்க மாட்டேன், டீசலுக்குத் திரும்பவும் மாட்டேன். ஆனாலும் அவனிடம் "இப்போதைக்கு வேண்டாம்டா" என்றுதான் சொன்னேன். அவன் வீடும் கடைக்கு மேலே, மேட்டில்தான் இருக்கிறது.