பழைய ஃபிளாஸ்க்கை ஃபாஸ்ட்ஏபிஐக்குள் உட்காரவைத்த ஏ2டபிள்யூஎஸ்ஜிஐ: எட்டு மாத அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் ரசீது போடும் செயலி ஒன்று பல வருடமாக ஃபிளாஸ்க் என்ற பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கில் ஓடுகிறது. புதிதாக எழுதுவதெல்லாம் ஃபாஸ்ட்ஏபிஐ என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கில். இரண்டும் ஒரே யூவிகார்ன் சர்வரில், ஒரே போர்ட்டில் ஓட வேண்டும், பழைய கோடில் கை வைக்கவே கூடாது. எட்டு மாதமாக இந்த வேலையை ஏ2டபிள்யூஎஸ்ஜிஐ என்கிற சின்ன பைத்தான் லைப்ரரி பார்த்துக்கொள்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஃபிளாஸ்க்குக்குத் தெரிந்தது டபிள்யூஎஸ்ஜிஐ, அதாவது வெப் சர்வரும் பைத்தான் செயலியும் பேசிக்கொள்ளும் முறை. 2003-இல் பெப் 333 என்ற பைத்தான் முன்மொழிவு ஆவணமாக வந்து, பைத்தான் 3-க்காக 2010-இல் பெப் 3333 ஆன பழைய ஏற்பாடு. ஒரு ரிக்வெஸ்ட் வந்தால் என்விரான் என்ற டிக்ஷனரியும் ஸ்டார்ட்_ரெஸ்பான்ஸ் என்ற ஃபங்ஷனும் கைக்கு வரும், பதில் முடியும்வரை அந்த ரிக்வெஸ்ட்டைக் கவனிக்கும் த்ரெட் (வேலை பார்க்கும் இழை) அங்கேயே நிற்கும். ஃபாஸ்ட்ஏபிஐ உட்கார்ந்திருக்கும் புதிய முறையான ஏஎஸ்ஜிஐயில் ஸ்கோப், ரிசீவ், சென்ட் என்று வேறு மூன்று. ஒன்றை இன்னொன்றாக மாற்ற நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும்.

முதலில் அதை நாங்களே எழுதினோம், அறுபது வரி இருக்கும். யாரோ முகவரியில் தமிழ்ச் சொல் உள்ள ஒரு பக்கத்தைத் திறக்கும்வரை நன்றாகத்தான் ஓடியது, அப்புறம் என்கோட் எரர் அடித்து விழுந்தது. விஷயம் இதுதான்: ஏஎஸ்ஜிஐ முகவரியை ஒழுங்கான யூனிகோடாகத் தருகிறது, ஆனால் டபிள்யூஎஸ்ஜிஐ அதே முகவரியின் பைட்டுகளை ஒவ்வொன்றாக லத்தீன்-1 (ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்ற பழைய குறியீடு) எழுத்தாக மாற்றிக் கேட்கிறது. "தமிழ்" என்ற சொல்லில் யூனிகோட் குறிகள் 5, யூடிஎஃப்-8 என்ற குறியீட்டில் எழுதினால் 15 பைட், ஆக என்விரானுக்குள் 15 லத்தீன் எழுத்துகள் போக வேண்டும். பார்த்தால் குப்பை மாதிரி இருக்கும், ஆனால் ஃபிளாஸ்க் அதைத்தான் எதிர்பார்க்கிறது, அதிலிருந்துதான் சரியான சொல்லைத் திரும்ப எடுக்கிறது. நாங்கள் சொல்லை அப்படியே அனுப்பியிருந்தோம். ஏ2டபிள்யூஎஸ்ஜிஐயின் சோர்ஸைத் திறந்து பார்த்தேன், அந்த மாற்றம் ஒரே வரியில் சரியாக இருந்தது. தமிழ் முகவரி வைத்திருப்பவர்கள் எந்த அடாப்டரை எடுத்தாலும் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள்.

அடுத்தது ஃபைல் அப்லோட். எங்கள் அடாப்டர் முழு ஃபைலையும் மெமரியில் சேர்த்துவைத்துவிட்டுத்தான் ஃபிளாஸ்க்கைக் கூப்பிடும், ஸ்கேன் செய்த பெரிய பிடிஎஃப் நாலு பேர் ஒன்றாக ஏற்றினால் சர்வர் திணறும். இதில் அப்படி இல்லை, ஃபிளாஸ்க் படிக்கப் படிக்கத்தான் அடுத்த துண்டை உள்ளே இழுக்கிறது. பதிலும் துண்டு துண்டாகவே வெளியே போகிறது, பெரிய சிஎஸ்வி டவுன்லோட் உடனே ஆரம்பிப்பது அதனால்தான்.

பழைய செயலியை ஃபாஸ்ட்ஏபிஐக்குள் ஒரு பாதையின் கீழ் மவுண்ட் செய்வது (பொருத்துவது) ஒரே வரி. அந்தப் பாதையைச் சொல்லும் ஸ்க்ரிப்ட்_நேம் சரியாகப் போவதால் பழைய பக்கங்களின் லிங்க் ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் பழைய வெர்ஷனைப் போட்டுவிடாதீர்கள். ஃபாஸ்ட்ஏபிஐக்கு அடித்தளமான ஸ்டார்லெட் நடுவில் ஒருமுறை மவுண்ட் பாதையை ஸ்கோப்பில் தரும் விதத்தை மாற்றியது, அதற்கேற்ப இந்த லைப்ரரியும் திருத்தப்பட்டது. ஸ்டார்லெட் ஆவணமும் தன்னுடைய பழைய டபிள்யூஎஸ்ஜிஐ அடாப்டரைக் கைவிட்டு இதைத்தான் கைகாட்டுகிறது.

குறை இல்லாமல் இல்லை. ரீட்மீயைத் தாண்டி ஆவணம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, கொஞ்சம் ஆழமாகத் தெரிய வேண்டுமென்றால் சோர்ஸ்தான் கதி. வெப்சாக்கெட் (திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு) வந்தால் மூடிவிடும், அது டபிள்யூஎஸ்ஜிஐயிலேயே இல்லாத சங்கதி. எதிர்த் திசைக்கும், அதாவது ஏஎஸ்ஜிஐ செயலியைப் பழைய சர்வரில் ஓட்டவும் இதில் வழி உண்டு, நான் அதை அதிகம் தொடவில்லை.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒர்க்கர்ஸ் என்ற செட்டிங். சொல்லாமல் விட்டால் த்ரெட் 10 மட்டும்தான். மாதக் கடைசியில் பத்து பேர் ஒரே நேரத்தில் கனமான ரிப்போர்ட்டைத் தட்டினால் பதினோராவது ஆள் ரசீது போடக்கூட வரிசையில் நிற்பார், புதிய பக்கங்களோ பக்கத்திலேயே ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் 24 ஆக்கினோம். அன்று சாயங்காலமே டேட்டாபேஸ் கனெக்ஷன் தீர்ந்துபோய் எரர் வர ஆரம்பித்தது, கனெக்ஷன் பூல் (தயாராக வைத்திருக்கும் கனெக்ஷன்கள்) அளவையும் கூட்டிய பிறகுதான் அடங்கியது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.