திரையில் பாடமா, களத்தில் ஒரு நாளா?

மணலி, எண்ணூர் ஆலைகளுக்குக் களப் பொறியாளர்களை அனுப்பும் அலுவலக ஊழியர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியைக் கணினி வழியே தருவதா, களத்துக்கே அழைத்துச் சென்று தருவதா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செலவு: கணினிப் பாடத்தை ஒருமுறை தயாரித்தால் பலருக்கும் உதவும். களப் பயணத்துக்கு வண்டி, தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி, ஒரு நாள் வேலை எல்லாம் சேரும்.

எளிமை: முன்னது இருந்த இடத்திலேயே முடியும். பின்னதற்கு ஆலையின் ஒப்புதலும், எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டும் பொறுமையும் வேண்டும்.

மனத்தில் நிற்பது: வேறுபாடு பெரிதாகத் தெரிவது இதில்தான். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தொட்டிக்குள் இறங்கக் கூடாது என்று திரையில் படித்தவர் தேர்வில் சரியாகவே விடையளிப்பார். ஆனால், வாயு அளக்கும் கருவி காட்டும் எண்ணை ஒருவர் பெர்மிட்டில் (பணி அனுமதிச் சீட்டில்) குறிக்க, இன்னொருவர் தொட்டியின் வாயருகே காவல் நிற்க, இறங்கும் முன்பே முக்கால் மணி நேரம் கழிவதை நேரில் கண்டவர், 'தொட்டிக்குள் வால்வு பார்க்க, 1 ஆள், 1 மணி நேரம்' என்று பணி ஒதுக்கவே மாட்டார். நான் அப்படி ஒதுக்கியிருக்கிறேன்; இறங்க மறுத்துத் திரும்பிய பொறியாளரையே கடிந்துகொண்டதற்கு இன்றும் வருந்துகிறேன்.

புதியவர்களுக்கு விதிகளை அறிமுகப்படுத்தவும், ஆண்டுதோறும் நினைவூட்டவும் கணினிப் பாடம் போதும். மூடிய இடம், உயரம், மின்சாரம் சார்ந்த பணிகளை ஒதுக்குபவருக்கோ, அந்தப் பொறுப்பைக் கொடுக்கும் முன்பே களத்தில் ஒரு நாள் கட்டாயம் வேண்டும்.