கோத்தகிரி ஈரத்தில் ஆறு வருடம்: ஒரு ஏ300 பிளாஸ்டிக் மாடலின் நிலவரம்

2019 மார்ச்சில் நான் கட்டி முடித்த ஏர்பஸ் ஏ300 மாடல் இன்னும் எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில் நிற்கிறது. 1/144 அளவு, இந்தியன் ஏர்லைன்ஸ் வண்ணம். முடித்த வாரமே இதைப் பற்றி எழுதியிருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதியிருப்பேன். ஆறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் எது நின்றது, எது விரிந்தது, எது மஞ்சளானது என்று இப்போது சொல்ல முடிகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட்டில், அதாவது பெட்டியில் வரும் ஒட்ட வேண்டிய பிளாஸ்டிக் துண்டுகளில், இருந்த பிழைகளை அளந்து திருத்திய இடங்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. பின்னால் கெட்டுப்போனது முழுக்க நான் அவசரப்பட்ட இடங்களும், எங்கள் ஊர் ஈரத்தைக் கணக்கில் எடுக்காத இடங்களும்தான்.

ஏ300 முதன்முதலில் பறந்தது 1972 அக்டோபர் 28. இரண்டே எஞ்சின் கொண்ட முதல் அகல உடல் பயணிகள் விமானம் அதுதான். இந்தியன் ஏர்லைன்ஸ் 1976இல் இருந்து ஓட்டியது. நான் செய்தது விடி-ஈடிவி என்ற பதிவு எண் கொண்டது. 1993 நவம்பர் 15 அன்று சென்னையிலிருந்து ஹைதராபாத் போய், அங்கே இறங்க முடியாமல் திரும்பி, எரிபொருள் தீர்ந்து, திருப்பதிக்குப் பக்கத்தில் வயல்வெளியில் இறங்கிய விமானம் அது. உள்ளே இருந்த 262 பேரும் பிழைத்தார்கள். சின்ன வயதில் அந்தச் செய்தியை அப்பா செய்தித்தாளில் வாசித்துக் காட்டினார். அத்தனை பெரிய விமானம் வயலில் உட்கார்ந்திருந்த காட்சி மனதை விட்டுப் போகவே இல்லை. செய்தால் இதைத்தான் செய்ய வேண்டும் என்று இருந்தேன்.

கிட் பழையது. இன்னொருவர் கட்டாமல் வைத்திருந்ததை வாங்கினேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, பழைய அச்சில் வரும் இந்த வகைக் கிட்கள் பலவற்றுக்கும் இதே நோய் உண்டு. பெட்டியைத் திறந்ததும் பசையைத் தேடாமல் வெர்னியரை எடுத்தது நான் செய்த நல்ல காரியம். உண்மையான ஏ300 நீளம் 53.62 மீட்டர், இறக்கை முனைக்கு முனை 44.84 மீட்டர், உடலின் குறுக்களவு 5.64 மீட்டர். 144ஆல் வகுத்தால் 372.4, 311.4, 39.2 மில்லிமீட்டர் வர வேண்டும். உடலின் இரண்டு பாதிகளையும் டேப் ஒட்டிச் சேர்த்து அளந்தேன். நீளம் சரி. உயரம் 39, அதுவும் சரி. அகலம் 37தான். இறக்கை விரிவு 309.

இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நிஜ விமானத்தில் அது கிட்டத்தட்ட ஓர் அடி. ஏ300இன் உடல் வட்டமாக, அந்த அகலத்தில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பயணிகள் தளத்துக்குக் கீழே எல்டி3 சரக்குப் பெட்டி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும், மேலே ஒரு வரிசைக்கு எட்டு இருக்கை போட வேண்டும். அதற்காக வந்த அளவு அது. பின்னால் ஏ310, ஏ330, ஏ340 எல்லாமே இதே குறுக்களவை எடுத்துக்கொண்டன. அந்த வட்டத்தை முட்டை வடிவமாக்கிவிட்டால் முன்னாலிருந்து பார்க்கும்போது அது ஏ300ஆகத் தெரிவதே இல்லை.

திருத்தம் இப்படி. ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டை இரண்டு அடுக்காக ஒட்டி இரண்டு மில்லிமீட்டர் பட்டை ஆக்கினேன். அதை உடலின் மேல் இணைப்பிலும் கீழ் இணைப்பிலும் நடுவில் வைத்து ஒட்டினேன். முன்கதவுக்கு முன்னாலும் வால் பக்கமும் பட்டையை மெல்ல மெல்ல இழைத்து, மூக்கு நுனியிலும் வால் நுனியிலும் ஒன்றுமில்லாமல் முடித்தேன். மேலிருந்து பார்த்தால் பட்டை ஓடம் போல இருக்கும். இதில் ஒரு சிக்கல். செங்குத்து வால் உடலின் பாதிகளோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருந்தது. பட்டையை வைத்தால் வாலும் பருத்துவிடும். அதனால் ஒட்டுவதற்கு முன்பே ஹேக்சா பிளேடால் வாலை அடியோடு அறுத்தெடுத்து, தனியாகச் சேர்த்து, கடைசியில் மேலே நட்டேன். அறுக்கும்போது கை நடுங்கியது உண்மை. வட்டம் சரியாக வருகிறதா என்று பார்க்க, என்னிடம் இருந்த ஏ330 கிட்டின் உடலை அட்டையில் வரைந்து வெட்டிய அச்சை ஒவ்வோர் அங்குலத்துக்கும் வைத்துப் பார்த்துக்கொண்டே உப்புத்தாள் போட்டேன்.

இறக்கைகளைப் பொருத்தி அளந்தபோது 311 வந்தது. உடல் விரிந்த இரண்டு மில்லிமீட்டர்தான் இறக்கை விரிவில் குறைந்த இரண்டும். இறக்கையை வரைந்தவர் சரியாக வரைந்திருக்கிறார், பிழை உடலில் மட்டும்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ராத்திரி எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்கத் தெரியவில்லை. ஆறு வருடத்தில் அந்த இணைப்பு ஒரு மயிரிழைகூட விரியவில்லை.

ஒட்டுவதற்கு முன் உடலின் வலது பாதி கொஞ்சம் முறுக்கிக்கொண்டும் இருந்தது. வெந்நீரில் அமிழ்த்தி நேராக்கலாம் என்பார்கள். கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் 100 டிகிரி பக்கம் இளகும். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டர் வாக்கில் இருப்பதால் இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழ்நாட்டில் அரை நிமிடத்தில் வளையும் துண்டு இங்கே சட்டென்று வளையாது. மரச்சட்டத்தில் கட்டி, நாலைந்து முறை அமிழ்த்தி எடுத்தேன். இதுவே நல்லது என்று இப்போது நினைக்கிறேன், பிளாஸ்டிக் குழைந்து போகும் பயம் குறைவு.

மூக்கு கிட்டில் கூராக இருந்தது. உண்மையான மூக்கு மழுங்கலாக, உருண்டு இறங்கும். பக்கவாட்டுப் படத்தை 372 மில்லிமீட்டர் நீளத்துக்கு இரண்டு தாளில் அச்சடித்து ஒட்டி, அதன் மேல் மாடலை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே எம்-சீல் அடைத்து, வெளியே பிளாஸ்டிக் தெரியாமல் போகும் வரை இழைத்து, மேலே இன்னொரு பூச்சு எம்-சீல் போட்டு வடிவம் கொடுத்தேன். குளிரில் அது இறுகுவதற்கு இரண்டு நாள் விட வேண்டும். எஞ்சின்களில் அதிகம் மெனக்கெடவில்லை. சிஎஃப்6-50 எஞ்சினின் முன்விசிறி 2.19 மீட்டர், மாடலில் 15 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். கிட்டில் 13.5தான் இருந்தது. டிசி-10-30 விமானத்திலும் இதே எஞ்சின்தான். நண்பரின் உடைந்த டிசி-10 மாடலில் இருந்து இரண்டைக் கழற்றி மாட்டினேன், வேலை முடிந்தது.

இனி கெட்டுப்போனவை.

முன்சக்கரத்தில் நிற்க மூக்கில் எடை வேண்டும், இல்லாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் தூண்டில் ஈயக்குண்டு வாங்கி வந்து, மூக்குக்குள் கொட்டி, வெள்ளைப் பசையை ஊற்றி மூடினேன். இந்த மாடலில் நான் செய்த மிகப் பெரிய தவறு இதுதான், தயவு செய்து யாரும் செய்யாதீர்கள். 2022 ஐப்பசியில் மூக்கின் அடியில் ஒரு கோடு தெரிந்தது. புட்டி வெடித்திருக்கும் என்று பூசி மூடினேன். அடுத்த வருடம் அதே இடம் அரை மில்லிமீட்டர் வாய் பிளந்தது. மகள்தான் முதலில் கவனித்தாள்: “அப்பா, மூக்குல இருந்து மாவு கொட்டுது.” முன்சக்கரக் குழியைச் சுற்றி வெள்ளைத் தூள்.

அது மாவு இல்லை, ஈயக் கார்பனேட். வெள்ளைப் பசையில் இருந்து மெல்ல அசெட்டிக் அமிலம் கசியும். அது ஈயத்தை அரிக்கும். காற்றில் இருக்கும் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து ஈயத்தை வெள்ளைத் தூளாக மாற்றும். அந்தத் தூளுக்கு ஈயத்தைவிட அதிக இடம் வேண்டும். மூடிய மூக்குக்குள் அது உப்பி உப்பி, ஒட்டிய இணைப்பையே பிளந்துவிடும். காய்ந்த ஊரில் இது எத்தனை வருடம் எடுக்குமோ, வருடத்தில் பாதி நாள் மேகத்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டில் மூன்றே வருடம்தான் எடுத்தது.

முன்சக்கரக் குழியைப் பெரிதாக்கி, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். கையுறையும் முகமூடியும் போட்டு, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். ஈயத்தூள் நஞ்சு, ஊதவோ துடைப்பத்தால் கூட்டவோ கூடாது. வேலை முடியும்வரை மகளை அந்த அறைக்குள் விடவில்லை. பிறகு சைக்கிள் கடையில் பால்ரஸ் வாங்கி, துருப்பிடிக்க இடம் இல்லாதபடி முழுக்க அரால்டைட்டில் முக்கி வைத்தேன். இரும்பு ஈயத்தைவிட லேசு, அதனால் இடம் கூடுதலாகப் பிடித்தது. எம்-சீல் மூக்கு மட்டும் இத்தனைக்கும் அசையாமல் நின்றதால் வடிவத்தை மறுபடி செய்ய வேண்டி வரவில்லை.

அடுத்தது புட்டி. கோயம்புத்தூரில் கார் பெயின்ட் கடையில் இருந்தவர் அன்றே கேட்டார்: “ஹார்ட்னர் கலக்கற புட்டி வேணுங்களா, இல்ல அப்படியே தேய்க்கறதுங்களா?” கலக்கும் வேலை எதற்கு என்று இரண்டாவதை வாங்கினேன். அது கரைப்பான் ஆவியாகி இறுகும் வகை. ஆவியாகும்போது சுருங்கும், இந்தக் குளிரில் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் முடியும்போது இறக்கை உடலோடு சேரும் இடத்தில், பெயின்ட்டுக்கு அடியில், பள்ளமாக ஒரு கோடு விழுந்துவிட்டது. சாய்வான வெயிலில் பார்த்தால் இன்றும் தெரியும். பிறகு ஹார்ட்னர் கலந்த புட்டி போட்ட வயிற்றுப் பக்கம் வழுவழுவென்று இருக்கிறது. அந்தக் கடைக்காரர் கேட்ட கேள்வியைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பெயின்ட் விஷயத்தில் என் வேலை எனக்குக் கைகொடுத்தது. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். இலை வாட்டும் தளத்தில் வெட் பல்ப் (ஈரத்துணி சுற்றியது), ட்ரை பல்ப் (சுற்றாதது) என்று இரண்டு வெப்பமானி மாட்டியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் குறையக் குறைய காற்றில் ஈரம் அதிகம். அதே போல ஒன்றை வீட்டில் செய்து மாட்டினேன். வித்தியாசம் நாலு டிகிரிக்குக் கீழே இருந்தால் ஸ்ப்ரே கேனைத் தொடுவதில்லை. இது தெரிவதற்கு முன்னால், ஒரு நவம்பர் சாயங்காலம் பளபளப்பு வார்னிஷ் அடித்தேன். பத்து நிமிடத்தில் ஆரஞ்சு வால் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு சில்லிட்டு, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்வதால் வருவது அது. பயந்து சுரண்டாதீர்கள். நல்ல வெயில் நாளில் மேலே தின்னரை மட்டும் லேசாகப் பனி போல அடித்தால் பூச்சு இளகி ஈரம் வெளியேறிவிடும். என் வால் அப்படித்தான் மீண்டது.

ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஆடி மழை பெரிது. எங்கள் கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகைதான் அடைமழை. அந்த இரண்டு மாதமும் அறுப்பது, இழைப்பது, அளப்பது. வெள்ளை அடிப்பது தை பிறந்த பிறகு, காலை பதினொன்றில் இருந்து இரண்டு மணி வரை. கேன் சில்லென்று இருந்தால் அழுத்தம் குறைந்து பெயின்ட் துப்பும், வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும், கொதிநீரில் வைக்கவே கூடாது. காய வைக்க மரப்பெட்டியில் 40 வாட் குண்டு பல்பு போட்டு, இரண்டு பக்கமும் துளை விட்டிருக்கிறேன். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகுதான் உள்ளே வைப்பேன், கரைப்பான் ஆவி பல்பருகே சேரக் கூடாது. தொழிற்சாலை டிரையர் பக்கம் சூடு கிடைக்குமே என்று ஒரு முறை எடுத்துப் போனேன். வெள்ளை இறக்கையில் தேயிலைத் தூசு ஒட்டி, மறுபடி தேய்த்து அடிக்க வேண்டியதாகிவிட்டது.

ஜன்னல் வரிசையோடு ஓடும் ஆரஞ்சுப் பட்டையை டெகாலாக, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படமாக, அச்சடித்தேன், வாலில் அடித்த ஆரஞ்சோடு ஒத்துப்போகவில்லை. அதைக் கிழித்துவிட்டு மாஸ்கிங் டேப் போட்டு அதே கேனால் அடித்தேன். பெயர், பதிவு எண், ஜன்னல்கள் மட்டும் டெகால். நாலாவது வருடம் அலமாரியின் ஜன்னல் பக்கம் இருந்த எழுத்துகளைச் சுற்றியுள்ள படலம் மஞ்சள் தட்டியது. மறுபக்கம் இல்லை. மலை வெயில் இதமாகத் தெரியும், ஆனால் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம். அலமாரியை உள்சுவருக்கு மாற்றிவிட்டேன். மிச்சம் வைத்திருந்த டெகால் தாளில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்தது, அதன் பசை மாவுச்சத்தில் செய்வது. இப்போது அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பை நாலு இருக்கிறது, மாதம் ஒரு முறை வாணலியில் வறுத்து மறுபடி வைக்கிறேன்.

இந்தக் கிட்டை வாங்கலாமா என்று கேட்டால், விரைவாகக் கட்டி வைக்க நினைப்பவர்களுக்கு வேண்டாம் என்பேன். ஏ300இன் மேல் ஆசை இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம், இறக்கை அவ்வளவு நன்றாக இருக்கிறது. நானே இன்னொன்று வாங்கிவிட்டேன். அதுவும் 37தான். பட்டை வெட்டியாகிவிட்டது, வால் அறுத்தாகிவிட்டது, ஹார்ட்னர் கலக்கும் புட்டி டப்பா மேசையில் இருக்கிறது. இன்று காலை இரண்டு வெப்பமானிக்கும் வித்தியாசம் ஒன்றரை டிகிரி. வெளியே எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. தை வரட்டும்.