மிஸ்ஸியின் கவனிப்பில் ஒரு வருடம்

என் மகளுக்குப் போன வாரம் ஒரு வயது முடிந்தது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்து பார்க்கும் அரசாங்க மருத்துவமாதைப் பற்றி இப்போதுதான் ஆறுதலாக எழுத முடிகிறது. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் எல்லோருக்கும் மிஸ்ஸி. இந்தக் கவனிப்புக்குக் காசு கிடையாது.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னதெல்லாம் சிங்களத்தில். தையல் போட்ட இடத்தை எப்படிக் கழுவுவது என்றுகூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மழையோடு மிஸ்ஸி எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, ஏறி வந்தார். வந்தவர்கள் எல்லோரும் பிள்ளையைத்தான் பார்த்தார்கள். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "மகள், நீங்க தூங்கினதா?" என்று கேட்டார். சிங்களப் பெண், திக்கித் திக்கிப் பேசிய தமிழ். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மார்பு கல்லாகக் கட்டி, காம்பு வெடித்திருந்தது. பால் போதவில்லை, பால்மா வாங்குவோம் என்றார் மாமி. மிஸ்ஸி பிள்ளையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். காம்பால் உதட்டைத் தடவி, வாய் நன்றாகத் திறக்கும்வரை பொறுத்தார். அப்புறம் சுற்றியிருக்கும் கறுப்பும் சேர்ந்து உள்ளே போகும்படி அணைத்துப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை விழுங்கும் சத்தம் கேட்டது. பால்மா டின் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பது மாமியின் பயம். மிஸ்ஸி அவரோடு வாதாடவில்லை. மிளகும் பூண்டும் அரைத்த சரக்குக் குழம்பு நல்லது, அதோடு சுடுதண்ணியும் குடுங்க என்றார். அன்றிலிருந்து என் தலைமாட்டில் பிளாஸ்க் வைத்தது மாமிதான்.

குறையும் உண்டு. பல தோட்டங்களுக்கு ஒரே மிஸ்ஸி. முதல் பத்து நாளில் இரண்டு தடவை வந்தவர், மண் சரிந்து பாதை மூடியதும் வர முடியாமல் போனில்தான் விசாரித்தார். தமிழ் நன்றாகத் தெரிந்த மிஸ்ஸிமார் இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

ஒரு மாதம் கழித்து, கடந்த 7 நாள் மனசு எப்படி இருந்தது என்று 10 கேள்விகள் கேட்டார். பனிமூட்டம் இறங்கும் நேரமெல்லாம் அழுதுகொண்டிருந்ததை அன்றைக்குத்தான் வாய் திறந்து சொன்னேன். கிளினிக் டொக்டரிடம் அனுப்பினார். ராத்திரியில் ஒரு தடவையாவது பிள்ளையை நீங்க வச்சிருங்க என்று என் வீட்டுக்காரரிடமும் சொன்னார். அவரும் வைத்துக்கொண்டார்.

லயத்தில் பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கும். மிஸ்ஸியின் நம்பரைக் கொடுத்து, அந்தப் பத்துக் கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லு என்று சொல்லியிருக்கிறேன்.